ஜோமோன் சுகியைப் பார்க்காமல் திரும்பிய கதை: யாகுஷிமா மலை நடை

எபிசோடின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கியது. பேச்சில் வந்த ‘அதாவது’, ‘வந்து’ எல்லாம் பாதிக்கு மேல் வெட்டியாச்சு. நடுவில் மழைச் சத்தம் ஓடும் இரண்டு நிமிஷம் ஆடியோவில் மட்டும்தான் இருக்கு.

போன எபிசோடில் டேட்டாபேஸ் பேசி உங்களைத் தூங்க வெச்சேன்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதனால இன்னைக்குக் காட்டுக்குப் போறோம்.

ஜப்பானின் தெற்கில் யாகுஷிமான்னு ஒரு தீவு. அங்க ஒரு கிழட்டு மரம் இருக்கு, பேர் ஜோமோன் சுகி. அதைப் பார்க்கத்தான் நவம்பர் முதல் வாரத்தில் டோக்கியோவிலிருந்து ஏழு பேர் போனோம். விமானம், படகு, தங்குமிடம், வழிகாட்டி எல்லாத்துக்கும் செலவு பண்ணி, காலை மூணரை மணிக்கு எழுந்து, பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவா நடந்தோம். மரத்தைப் பார்க்கல. திரும்பிட்டோம்.

ஏன் திரும்பினோம், அது சரிதானா, இதுதான் இன்னைக்குக் கதை. அந்த மரம் இத்தனை ஆயிரம் வருஷம் எப்படித் தப்பிச்சுதுன்னும் சேர்த்தே சொல்றேன். ரெண்டும் வேற வேற விஷயம்னு நினைச்சுக்கிட்டுத்தான் நானும் போனேன்.

முதல்ல தீவு

க்யூஷூ தீவின் தென்முனையிலிருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் தெற்கே இருக்கு யாகுஷிமா. ககோஷிமா துறைமுகத்தில் ஏறினா அதிவேகப் படகில் ரெண்டு மூணு மணி நேரம். தீவைச் சுத்தி வர சுமார் 130 கிலோமீட்டர். பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. வரைபடத்தில் ஒரு வட்டமான போண்டா மாதிரி இருக்கும். ஆனா அந்த போண்டாவுக்கு நடுவில் 1,936 மீட்டர் உயரத்தில் மியானோஉரா மலை நிக்குது. க்யூஷூ வட்டாரத்திலேயே உயரமான சிகரம் அதுதான்.

இதோட விளைவு என்னன்னா, கடற்கரையில் தட்பவெப்பம் உபவெப்பமண்டலம். ஆலமரத்தின் சொந்தக்கார மரம் ஒண்ணு, கஜுமாருன்னு சொல்றாங்க, விழுது விட்டு நிக்கும். பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துடும். அதே தீவின் உச்சியில் குளிர்காலத்தில் பனி கொட்டும். கடற்கரையிலிருந்து மேல ஏற ஏற காடு மாறிக்கிட்டே போகும். மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ஊட்டி போற மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஆனா முழுக்க ஒரு சின்னத் தீவுக்குள்ள.

அப்புறம் மழை. யாகுஷிமாவில் மாசத்துக்கு முப்பத்தஞ்சு நாள் மழைன்னு ஒரு சொலவடையே இருக்கு. கடற்கரையில் இருக்கிற வானிலை நிலையத்தில் வருஷத்துக்குச் சராசரியா சுமார் 4,600 மில்லிமீட்டர். சென்னைக்குச் சுமார் 1,400. மலைக்கு மேல 8,000-லிருந்து 10,000 வரைக்கும் போகும்.

காரணம் நமக்குப் பழக்கமானதுதான். தீவை ஒட்டி குரோஷியோன்னு ஒரு வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் ஓடுது. அதுக்கு மேல இருக்கிற காத்து ஈரத்தைச் சுமந்துக்கிட்டு வரும். வந்த வேகத்தில் மலையில மோதி மேல ஏறும். மேல போனா குளிரும், குளிர்ந்தா ஈரம் மழையா கொட்டும். தென்மேற்குப் பருவக்காத்து மேற்குத் தொடர்ச்சி மலையில மோதி சின்னக்கல்லாறில் கொட்டுதே, அதே கணக்கு. இங்க காத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மலை நடுவில் நிக்குது, அதான் வித்தியாசம்.

நான் செஞ்ச விளம்பரம்

எங்க ஏழு பேரில் நாலு பேர் இந்த பாட்காஸ்ட் மூலம் பழக்கமானவங்க. ஒருத்தர் என் ரூம்மேட். ஒருத்தர் நாகர்கோவில் அக்கா. மென்பொருள் சோதனைக் குழுவில் இருக்காங்க, வயசு நாற்பத்தஞ்சு தாண்டிடுச்சு, டோக்கியோவில் எங்க எல்லாருக்கும் அவங்கதான் மூத்தவங்க. ஏழாவது ஆள் நான். ஏற்பாடு முழுக்க என்னோடது.

அக்கா முதல்லயே கேட்டாங்க. “தம்பி, எனக்கு முட்டி கொஞ்சம் தகராறு பண்ணும். நடக்க முடியுமா? உண்மையைச் சொல்லு.”

நான் சொன்னேன், “அக்கா, பாதி தூரத்துக்கு மேல தண்டவாளத்து மேல நடக்கிறதுதான். சமதளம். ஒண்ணும் ஆகாது.”

நான் சொன்னதில் பொய் இல்லை. பாதையோட முழு நீளம், போக வர, சுமார் 22 கிலோமீட்டர். அதில் ஒரு வழிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல பழைய மரரயில் தண்டவாளம். உண்மையிலேயே கிட்டத்தட்ட சமதளம். ஆனா மீதி ரெண்டு மூணு கிலோமீட்டர் செங்குத்து, வேர், பாறை, மரப்படி. மொத்தம் பத்து மணி நேர வேலை. இந்த ரெண்டாவது பாதியை நான் அழுத்திச் சொல்லல. சொன்னா வர மாட்டாங்களேன்னு ஒரு எண்ணம். ப்ராஜெக்ட் மேனேஜர்கள் எஸ்டிமேட்டைக் குறைச்சுச் சொல்றாங்கன்னு இதே நிகழ்ச்சியில் எத்தனை தடவை திட்டியிருக்கேன்!

காலை ஆறு மணி, தலையில் விளக்கு

மார்ச்சிலிருந்து நவம்பர் வரைக்கும் சொந்தக் காரில் அரகாவா நுழைவாயிலுக்குப் போக முடியாது. கீழ யாகுசுகி அருங்காட்சியகத்திலிருந்து விடியறதுக்கு முன்னாடி பஸ். டிக்கெட்டோட சேர்த்து மலைப் பாதுகாப்புக்குன்னு விருப்ப நன்கொடையா ஒரு தொகை கேட்டு வாங்கறாங்க. ஒரு நாள் போய் வர்றவங்களுக்கு 1,000 யென். பெரும்பகுதி எதுக்குப் போகுதுன்னு கேட்டேன். கழிப்பறைக்கு. மலையில சேர்ற கழிவை ஆளுங்க கீழ தூக்கிட்டு வர்றாங்க. பாதையில அங்கங்க சின்னக் கூடாரம் இருக்கும். நாம கொண்டு போற கையடக்கக் கழிப்பறைப் பையை அதுக்குள்ள பயன்படுத்தி, மூடி, நாமளே கீழ கொண்டு வரணும். மலைக்குப் போறதுன்னா இதெல்லாம் சேர்த்துத்தான்.

எங்க வழிகாட்டி ஐம்பது தாண்டின ஒரு அம்மா. தீவிலேயே பிறந்து வளர்ந்தவங்க. ஜப்பானில் ‘கைடு-சான்’னுதான் கூப்பிடுவாங்க, நாங்களும் அப்படியே. கிளம்புறதுக்கு முன்னாடி எங்க ஏழு பேர் கால்களையும் டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. அக்கா போட்டிருந்தது ஓட்டப்பயிற்சி ஷூ. கீழ ஊரில் மலை ஷூவும் மழைச்சட்டையும் வாடகைக்குக் கிடைக்கும். நான் அதையும் சொல்லல. கைடு-சான் ஒண்ணும் பேசல, பையிலிருந்து ரெண்டு ஊன்றுகோலை எடுத்து அக்கா கையில் கொடுத்தாங்க.

அப்புறம் ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னாங்க. “தண்டவாளம் முடிஞ்சு ஏத்தம் ஆரம்பிக்கிற இடத்துக்குப் பத்து மணிக்குள்ள போகணும். மரத்துக்கிட்ட ஒரு மணிக்குள்ள போகணும். முடியலன்னா, எங்க இருந்தாலும் திரும்புவோம். சரியா?”

எல்லாரும் தலையாட்டினோம். ஏத்தத்துக்கு ஒன்பது மணிக்கே போயிடுவோம்னு என் கணக்கு.

தண்டவாளக் கதை

இந்த ரயில் பாதை 1923 வாக்கில் வந்தது, வெட்டின மரத்தைக் கீழ அன்போ ஊருக்கு இறக்க. பள்ளத்தாக்குக்கு மேல சில இடத்தில் பாலம். இருட்டில், ஈரத்தில், கீழ ஆத்துச் சத்தம் கேட்க நடக்கும்போது யாரும் வாயைத் திறக்கல.

ஒரு மணி நேரத்துக்கிட்ட நடந்தா கொசுகிதானின்னு ஒரு இடம். இப்ப வெறும் மரமும் கல்லும்தான். ஒரு காலத்தில் இங்க ஒரு ஊரே இருந்துச்சு. மரம் வெட்டறவங்க குடும்பம், கடை, பள்ளிக்கூடம். 1960 வாக்கில் ஐந்நூறு பேருக்கு மேல வாழ்ந்திருக்காங்க. 1970-ல் ஊரை மூடிட்டாங்க. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்ப ஒரு வெட்டவெளி.

கைடு-சான் அங்க நின்னாங்க. “எங்க அம்மா இங்கதான் படிச்சாங்க. தாத்தா மரம் வெட்டினவர்.”

நான் மைக்கை நீட்டினேன். “தாத்தா வெட்டின மரத்துக்கு வருத்தப்படறீங்களா?” ரொம்ப ஆழமா கேட்டுட்டதா எனக்கு நினைப்பு.

அவங்க சிரிச்சாங்க. “அவர் வெட்டின காசில்தான் அம்மா சாப்பிட்டாங்க. நான் காட்டற காசில் என் பசங்க சாப்பிடறாங்க. ரெண்டும் அதே காடுதான். வாங்க, நேரமாகுது.”

அந்தப் பதிலோடயாவது நான் மைக்கைப் பைக்குள்ள வெச்சிருக்கணும். வெக்கல. பாலத்தில் நின்னு தண்ணிச் சத்தம் எடுத்தேன். ரெண்டு மான், அதுக்குப் பக்கத்து மரத்தில் குரங்குக் கூட்டம், அதை எடுத்தேன். இந்தத் தீவுக் குரங்கும் மானும் ஜப்பானின் மத்த பகுதியில் இருக்கிறதைவிடச் சின்ன உருவம், தனி உள்ளினம். குரங்கு மேல உக்காந்து இலையைப் பிச்சுப் போட, மான் கீழ நின்னு சாப்பிடுது. அருமையான காட்சி. அதுக்குப் பன்னிரண்டு நிமிஷம். ஒவ்வொரு தடவையும் ஏழு பேரும் எனக்காக நின்னாங்க.

மூணு தலைமுறை மரம்

பாதையில சந்தாய் சுகின்னு ஒரு மரம் வரும். சந்தாய்னா மூணு தலைமுறை. முதல் மரம் சுமார் 1,200 வருஷம் வாழ்ந்து, 1,500 வருஷத்துக்கு முன்னாடி விழுந்துச்சு. விழுந்த கட்டை மேல விதை விழுந்து ரெண்டாவது மரம். அது ஆயிரம் வருஷத்துக்கு மேல வளர்ந்ததும், 350 வருஷத்துக்கு முன்னாடி மனுஷங்க வெட்டினாங்க. அந்த அடிக்கட்டை மேல மூணாவது மரம். இப்ப நிக்கிறது அது.

ஏன் கட்டை மேல வளருது, தரையில இடமா இல்லை? கைடு-சான் சொன்ன காரணம் ரெண்டு. முதலாவது வெளிச்சம். காட்டுத் தரை இருட்டு. பெரிய மரம் ஒண்ணு சாஞ்சாத்தான் மேல ஓட்டை விழுந்து வெயில் இறங்கும். ரெண்டாவது, விழுந்த கட்டை மேல பாசி பிடிச்சு ஈரமா, மெத்தை மாதிரி இருக்கும். சின்ன விதைக்கு அதுதான் தொட்டில். விழுந்த மரம் அழுகிப் போச்சுன்னா தொட்டிலும் போயிடும். ஆனா இந்த மரம் லேசில் அழுகாது.

ஏன் அழுகாது? இந்தத் தீவு கிட்டத்தட்ட ஒரே கிரானைட் பாறை. மேல மண் மெல்லிசு, சத்து கம்மி, இருக்கிற சத்தையும் மழை அடிச்சுக்கிட்டுப் போயிடும். அதனால சுகி மரம் இங்க ரொம்ப மெதுவா வளரும். மெதுவா வளர்ந்தா வளையங்கள் நெருக்கமா இருக்கும், கட்டை கெட்டியாகும், பிசின் நிறையச் சேரும். பிசின் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டும். பொதுவா சுகி மரத்துக்கு ஆயுசு சில நூறு வருஷம்னு சொல்வாங்க. இங்க ஆயிரம் வருஷம் தாண்டினாத்தான் ‘யாகுசுகி’ங்கிற பேரே. அதுக்குக் கீழ எல்லாம் ‘கொசுகி’, சின்ன சுகி. 900 வயசு மரத்தைச் சின்னப் பையன்னு கூப்பிடற ஊர்!

அதாவது, மோசமான மண்தான் இந்த மரங்களோட நீண்ட ஆயுசுக்குக் காரணம். வசதியான இடத்தில் சீக்கிரம் வளரும், சீக்கிரம் போயும் சேரும்.

அடிக்கட்டைக்குள்ள நடந்தது

ஏத்தம் ஆரம்பிக்கிற இடத்துக்கு நாங்க போனப்ப மணி ஒன்பது ஐம்பது. கைடு-சான் கடிகாரத்தைப் பார்த்தாங்க. பத்து நிமிஷம் மிச்சம். சரி, ஏறலாம்னு சொன்னாங்க.

அங்கிருந்து அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல போனா வில்சன் அடிக்கட்டை. 1586-ல் வெட்டின மரத்தோட மிச்சம். ஹிதேயோஷி ஆட்சிக் காலம், க்யோட்டோவில் பெரிய கோயில் கட்ட வெட்டினதா சொல்றாங்க. எர்னஸ்ட் ஹென்றி வில்சன்னு ஒரு ஆங்கிலேயத் தாவரவியலாளர், அமெரிக்காவின் ஆர்னால்ட் தாவரத் தோட்டத்துக்காக 1914-ல் இங்க வந்தார். அவர் மூலம் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சதால அவர் பேர். உள்ள கூடு. ஒரு ரூம் அளவு இடம், ஒரு சின்னக் கோயில், ஊத்துத் தண்ணி. ஒரு மூலையில நின்னு மேல பார்த்தா வானம் இதய வடிவத்தில் தெரியும். இன்ஸ்டாகிராமில் நீங்க பார்த்திருப்பீங்க.

அந்த அரை கிலோமீட்டர் ஏற எங்களுக்கு ஐம்பது நிமிஷம் ஆச்சு. அக்கா ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் வெச்சு வெச்சு ஏறினாங்க. முகம் வெளுத்துப் போச்சு. உள்ள போய் உக்காந்தாங்க. எல்லாரும் மேல பார்த்து போட்டோ எடுத்துக்கிட்டிருந்தோம். கைடு-சான் மட்டும் அக்கா முன்னாடி முட்டி போட்டு உக்காந்து காலைத் தொட்டுப் பார்த்தாங்க. வீங்கியிருந்துச்சு.

வெளிய வந்து எங்க எல்லாரையும் கூப்பிட்டாங்க. “இங்கிருந்து திரும்பறோம்.”

நான் விடல. அக்காவே சொன்னாங்க, “தம்பிங்களா, நீங்க போயிட்டு வாங்க, நான் இந்த மரத்துக்குள்ளயே உக்காந்திருக்கேன். எலுமிச்சை சாதம் இருக்கு, எனக்கென்ன?” நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். அக்காவோட ஒருத்தர் இருக்கட்டும், மத்தவங்க போகலாம்னேன். நான் தனியா வேகமா போயிட்டு வந்துடறேன்னும் சொன்னேன். கடைசியில, இப்ப சொல்ல வெட்கமா இருக்கு, இவ்வளவு பணம் கட்டியிருக்கோமேன்னும் சொன்னேன்.

கைடு-சான் கோபப்படல. விரல் விட்டு எண்ணினாங்க.

“இங்கிருந்து மரத்துக்கு நல்லா நடக்கிறவங்களுக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. திரும்பி வர அதே அளவு. மூணு மணி நேரத்துக்கு மேல இவங்க அசையாம இங்க இருக்கணும். வேர்த்த உடம்பு, ஈரத் துணி, மதியம் மழை. உக்காந்திருக்கிற உடம்பு சூட்டை இழந்துக்கிட்டே இருக்கும். போன் சிக்னல் கிடையாது. வழிகாட்டி நான் ஒருத்திதான், என்னை ரெண்டா வெட்ட முடியாது. அப்புறம் இறக்கம். முட்டிக்கு ஏத்தத்தைவிட இறக்கம்தான் கஷ்டம், ஒவ்வொரு படியிலயும் முழு எடையும் அங்கதான் விழும். நவம்பரில் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும், பள்ளத்தாக்கில் அதுக்கும் முன்னாடியே. இப்பவே இறங்கினாத்தான் கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி போக முடியும்.”

கொஞ்சம் நிறுத்தி, “காலையில கேட்டேனே, சரின்னு சொன்னீங்களே”ன்னாங்க.

எனக்குப் பதில் இல்லை. வேலையில ஒரு ரிலீஸ் போடறதுக்கு முன்னாடி, எந்த நிலைமை வந்தா பழைய பதிப்புக்குத் திரும்பணும்னு எழுதி வெப்போம். நிதானமா இருக்கும்போதே எழுதி வெக்கணும். ஏன்னா பிரச்சினை நடக்கிற நேரத்தில், ‘இன்னும் அஞ்சு நிமிஷம் பார்ப்போம்’னு சொல்றதுக்கு ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். அன்னைக்கு அந்த ஒருத்தன் நான்.

தப்பிச்ச மரம்

இறங்கற வழியில் நான் பேசவே இல்லை. என்னைச் சமாதானப்படுத்தறதுக்கோ என்னவோ, கைடு-சான் ஜோமோன் சுகி கதையைச் சொல்லிக்கிட்டே வந்தாங்க.

பதினேழாம் நூற்றாண்டு வரைக்கும் இந்தத் தீவு மக்கள் பெரிய சுகி மரங்களைத் தெய்வமா நினைச்சு வெட்டப் பயந்தாங்க. அப்புறம் அன்போ ஊர்க்காரர், தோமாரி ஜோச்சிகுன்னு ஒரு கன்பூசிய அறிஞர், வறுமையிலிருந்து மீள மரத்தைப் பயன்படுத்தலாம்னு சொன்னார். மலையில வேண்டிக்கிட்டு தெய்வத்தோட அனுமதியை வாங்கி வந்தார்னு ஊரில் கதை. நெல் அதிகம் விளையாத தீவு. அதனால கூரைக்குப் போடற மெல்லிசு சுகிப் பலகைதான் சத்சுமா ஆட்சிக்கு வரி. அந்தக் காலத்தில் பழைய மரங்களில் பாதிக்கும் மேல போயிடுச்சுன்னு மதிப்பிடறாங்க.

இப்ப கவனிங்க. ரம்பம் வெச்சு அறுத்த பலகை இல்லை அது. கோடாலியும் ஆப்பும் வெச்சுப் பிளந்த பலகை. பிளக்கணும்னா நார் நேரா ஓடணும். முறுக்கிக்கிட்ட மரம், முடிச்சு விழுந்த மரம், கூடு விழுந்த மரம் எதுவும் நேரா பிளக்காது. அதனால மரத்தில் கொஞ்சம் வெட்டிப் பார்ப்பாங்க, நார் சரியில்லைன்னா விட்டுட்டுப் போயிடுவாங்க. அந்தச் சோதனை வெட்டுத் தழும்போட இன்னைக்கும் நிக்கிற மரங்களைக் கைடு-சான் காட்டினாங்க.

ஜோமோன் சுகியும் அப்படித்தான். உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும். பலகைக்கு ஆகாது. நேரா வளர்ந்த அழகான மரமெல்லாம் யார் வீட்டுக் கூரையாவோ போயிடுச்சு. உதவாதுன்னு ஒதுக்கினது நிக்குது. இன்னைக்கு அதைப் பார்க்கத்தான் உலகம் வருது.

1950-களின் கடைசியில் மின் ரம்பம் மாதிரி எஞ்சின் வெச்ச ரம்பம் வந்துச்சு, முறுக்கு மரத்துக்கும் ஆபத்து வந்துச்சு. 1966-ல் உள்ளூர்க்காரர் இவாகாவா தெய்ஜி இந்த மரத்தைக் கண்டுபிடிச்சுச் சொன்னார். செய்தி பரவினதும் காட்டைக் காப்பாத்தணும்ங்கிற குரலும் வலுத்துச்சு. 1993-ல் யாகுஷிமா உலக இயற்கைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துச்சு, ஷிரகாமி மலைப்பகுதியும் அதுவும்தான் ஜப்பானுக்கு முதல் ரெண்டு. தீவில் ஐந்தில் ஒரு பங்கு அந்த எல்லைக்குள்ள வருது.

வயசு என்ன?

உயரம் 25.3 மீட்டர், சுற்றளவு 16.4 மீட்டர். இதில் குழப்பம் இல்லை. வயசு கேட்டா 2,170-லிருந்து 7,200 வரைக்கும் சொல்வாங்க. ஐயாயிரம் வருஷம் வித்தியாசம்! எந்த எஞ்சினியரும் ஒத்துக்க மாட்டான்.

காரணம் எளிசு. வளையம் எண்ணணும்னா மரத்தோட நடுப்பகுதி வேணும். ஜோமோன் சுகிக்கு நடுவில் கூடு, பழைய பகுதி உளுத்துப் போயிடுச்சு. மிச்சம் இருக்கிற கட்டையின் கார்பன் அளவை வெச்சுப் பார்த்தா 2,170. இது குறைஞ்சபட்சம், இதுக்கு மேலயும் இருக்கலாம். 7,200 என்பது சுற்றளவை வெச்சுப் போட்ட கணக்கு. இதில் இன்னொரு சிக்கல். சுமார் 7,300 வருஷத்துக்கு முன்னாடி, தீவுக்கு வடமேற்கே கடலில் இருக்கிற கிகாய் எரிமலை பயங்கரமா வெடிச்சுது. நெருப்புச் சாம்பல் வெள்ளம் யாகுஷிமா வரைக்கும் வந்து அடிச்சுது. அதுக்கு உடனே பின்னாடி இந்த உயரத்தில் ஒரு மரம் முளைச்சு இன்னைக்கு வரைக்கும் இருக்கும்ங்கிறதை நம்பறது கஷ்டம். அதனால 7,200-ஐ விளம்பரப் பலகையில் பார்த்தா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, ‘ரெண்டாயிரத்துக்கு மேல’ன்னு எடுத்துக்கிட்டா போதும்.

மழை

ரெண்டு மணிக்கு வந்துச்சு. தூறல் எல்லாம் இல்லை, நேரா வாளி. அக்கா நடுவில், முன்னாடி கைடு-சான், பின்னாடி நான். எட்டு கிலோமீட்டர் தண்டவாளத்தை நடக்க நாலரை மணி நேரம் ஆச்சு. பாலங்களில் அக்கா என் பையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. ரூம்மேட் அவங்க பையையும் சேர்த்துச் சுமந்தான். நாலரை தாண்டி நுழைவாயிலுக்கு வந்தப்ப மரத்துக்கடியில் எல்லாம் இருட்டு. மேல போயிருந்தா இந்த நேரத்துக்கு எங்க இருந்திருப்போம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். கணக்கு பிடிக்கல.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்காகிட்ட உக்காந்தேன். “அக்கா, ஏத்தம் இருக்குன்னு எனக்குத் தெரியும். வர மாட்டீங்கன்னுதான் சொல்லல. மன்னிச்சுக்கோங்க.”

அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், “உண்மையைச் சொல்லியிருந்தா மலை ஷூ வாடகைக்கு எடுத்திருப்பேன், மூணு மாசம் நடந்து பழகியிருப்பேன். வராம இருந்திருக்க மாட்டேன், தம்பி. நீ என்னைக் கேக்காமயே முடிவு பண்ணிட்ட”ன்னாங்க.

நான் இந்த எபிசோட் பண்றதே இந்த வாக்கியத்துக்காகத்தான். அவங்க அனுமதியோடதான் சொல்றேன்.

மறுநாள்

மறுநாள் யாகுசுகி அருங்காட்சியகம் போனோம். அங்க ஒரு பெரிய கிளை வெச்சிருக்காங்க. 2005 டிசம்பரில் பனிப் பாரம் தாங்காம ஜோமோன் சுகியிலிருந்து முறிஞ்சு விழுந்தது. அந்தக் கிளைக்கே ஆயிரம் வயசு. அதாவது ஒரு கிளையே யாகுசுகிங்கிற பேருக்குத் தகுதி.

மலையில மரத்துக்குக்கிட்ட போகவே முடியாதாம். வேர் மேல ஆளுங்க மிதிச்சு மிதிச்சு மண்ணு போனதால, 1996-லிருந்து தள்ளி ஒரு மேடையில் நின்னுதான் பார்க்கணும். இங்க கிளை பக்கத்திலேயே நின்னோம். அக்கா ஊன்றுகோலைச் சாச்சு வெச்சுட்டு நெருக்கமான வளையங்களை ரொம்ப நேரம் பார்த்தாங்க. “இந்த ஒரு விரக்கடையில எத்தனை வருஷம் பாரு”ன்னாங்க.

நீங்க போறதா இருந்தா

ஒண்ணு: முழு தூரத்தையும் முழு ஏத்தத்தையும் கூட வர்றவங்க எல்லாருக்கும் எழுத்தில் அனுப்புங்க. வரலாமா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்.

ரெண்டு: மலை ஷூ, மேல் கீழ் ரெண்டுக்கும் மழை உடை, தலை விளக்கு. மூணும் தீவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஜீன்ஸும் பருத்தித் துணியும் வேண்டாம், நனைஞ்சா காயாது, உடம்பைக் குளிர வெச்சுடும்.

மூணு: குழுவில் வேகம் வேற வேறன்னா ரெண்டு வழிகாட்டி வெச்சுக்கோங்க. அது ஒண்ணு செஞ்சிருந்தா எங்களில் பாதிப் பேராவது மரத்தைப் பார்த்திருப்பாங்க.

நாலு: பத்து மணி ஏத்தம், ஒரு மணி மரம். கிளம்பறதுக்கு முன்னாடி எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லிக்கோங்க.

அஞ்சு: இந்த நடை ஒத்து வராதுன்னு தோணினா ஷிரதானி உன்சுய்க்யோ பள்ளத்தாக்கு இருக்கு. சின்னப் பாதை, முழுக்கப் பாசி, அதே காடு.

அடுத்த வசந்தத்தில் திரும்பப் போறோம். இந்தத் தடவை ஏற்பாடு அக்காவோடது. தினமும் படி ஏறி இறங்கறாங்க, எங்களுக்கும் ஒரு அட்டவணை போட்டு அனுப்பியிருக்காங்க. முதல் வரியே ‘நடக்கும்போது ஒலிப்பதிவு கிடையாது’ன்னுதான் இருக்கு.

மரம் அங்கயே நிக்கும். அடுத்த எபிசோடில் திரும்ப டேட்டாபேஸ்தான், தப்பிக்க முடியாது. பார்ப்போம் மக்களே.